சுபாவம் ஒத்துவரவில்லை என்று சொல்வதற்கு முன்: கட்டடக்கலை அலுவலகங்களை நடத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சொந்த அலுவலகம் நடத்தும் மூத்த கட்டடக் கலைஞர்களுக்கு,

வணக்கம்.

ஒரு திட்டம் நடுவழியில் தடுமாறினால் நம் அலுவலகங்களில் முதலில் காதில் விழும் வாசகம், "அவங்க ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகல" என்பதுதான். உடனே ஒருவரை வேறு திட்டத்துக்கு மாற்றுகிறீர்கள். அந்த இடத்துக்குப் புதிதாக வந்தவரோடும் கொஞ்ச நாளில் அதே உரசல். இந்தத் தடவையும் பழி சுபாவத்தின் மேல்தான் விழுகிறது.

நான் திட்டக் கட்டடக் கலைஞன். உங்கள் மேசைக்கும் ஜூனியர்களின் மேசைக்கும் நடுவில் உட்கார்ந்து வேலை பார்ப்பவன். இரண்டு பக்கத்துப் புலம்பலும் என் காதுக்குத்தான் வருகிறது. நான் சொல்ல வந்தது இதுதான்: ஆளுக்கு ஆள் சுபாவம் வேறுபடுவது நம் தொழிலுக்குத் தேவை. ஆனால் நாம் வேலை நடத்தும் விதம் ஒரே ஒரு வகைச் சுபாவத்துக்கு மட்டும் வசதியாக இருக்கிறது. குழுக்கள் உடைவது பெரும்பாலும் அங்கேதான். அதை மாற்றும் அதிகாரம் உங்கள் கையில் இருப்பதால் மடலும் உங்களுக்கே.

முதலில், வரைபடங்களை வைத்துக் குழுவாக விமர்சிக்கும் டிசைன் ரிவியூவை எடுத்துக்கொள்கிறேன்.

மேசையில் பிளான் விரிந்திருக்கிறது. நீங்கள் தடித்த பேனாவை எடுத்து, மேலே டிரேசிங் தாளைப் போட்டு வரையத் தொடங்குகிறீர்கள். பேசிக்கொண்டே யோசிக்கும் இரண்டு பேர் உங்களோடு சேர்ந்துகொள்கிறார்கள். லாபி திரும்புகிறது, படிக்கட்டு நகர்கிறது, நடைபாதை நீள்கிறது. அறை சூடாகிறது, எனக்கும் அந்தச் சூடு பிடிக்கும். மேசையின் ஓரத்தில், கட்டடத்தைக் குறுக்கே வெட்டிக் காட்டும் வரைபடங்களான செக்‌ஷன்களை வரைந்த பெண் உட்கார்ந்திருக்கிறார். புதிய நடைபாதை எந்த பீமுக்கு அடியில் போகிறது என்று அந்த அறையில் அவருக்கு மட்டும்தான் தெரியும். பீமின் ஆழம், அதற்குக் கீழே ஏசி டக்ட் (காற்றுக் குழாய்), அதற்குக் கீழே ஃபால்ஸ் சீலிங் எல்லாவற்றையும் கழித்தால் மிஞ்சும் உயரம் போதாது. தன் தாளின் ஓரத்தில் பென்சிலால் "பீம் ஆழம்?" என்று எழுதி, அதைச் சுற்றி இரண்டு முறை வட்டம் போடுகிறார். பேச்சில் இடைவெளி கிடைக்கும் என்று காத்திருக்கிறார். கிடைக்கவில்லை. "சூப்பர், இதையே டெவலப் பண்ணுங்க" என்று சொல்லி நீங்கள் எழுந்துவிடுகிறீர்கள்.

பல மாதங்கள் கழித்து, தளத்தில் கான்கிரீட் போட்ட பிறகு அந்த பீம் எல்லோர் கண்ணிலும் படுகிறது. சீலிங்கைத் தாழ்த்த வேண்டியதாகிறது. கதவுகளுக்கு மேல் வைத்திருந்த கண்ணாடி வரிசை காணாமல் போகிறது. டக்டைப் பிரித்து இரண்டு பக்கமும் சுற்றிக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. "அன்னைக்கே ஏன் சொல்லல?" என்று அந்தப் பெண்ணிடம்தான் கேட்கிறார்கள். ஆண்டு மதிப்பீட்டில் அவர் பெயருக்கு நேரே "தொடர்புத் திறன் போதாது" என்று எழுதப்படுகிறது. நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் இது அப்படியே நடந்தது. உங்கள் அலுவலகத்திலும் வேறொரு பீம், வேறொரு பெயரோடு நடந்திருக்கும்.

அந்தப் பெண்ணுக்குப் பேசத் தெரியாதா? தளத்தில் கம்பி கட்டுபவரோடு அரை மணி நேரம் வாதாடித் தான் நினைத்ததைச் செய்ய வைப்பவர் அவர். ரிவியூவில் அவர் வாயை அடைத்தது பாதி சுபாவம், பாதி பதவி. இரண்டையும் நாம் குழப்பிக்கொள்கிறோம். ஒருவரை 'அமைதியானவர்' என்று முத்திரை குத்துவதற்கு முன், நீங்கள் அறையில் இல்லாதபோது அவர் எப்படிப் பேசுகிறார் என்று ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.

கூட்டமாக உட்கார்ந்து யோசனைகளைக் கொட்டினால் அதிகம் கிடைக்கும் என்ற நம்பிக்கை நம் தொழிலில் ஆழமாக ஊறியிருக்கிறது. 1958இலேயே யேல் பல்கலைக்கழகத்தில் அதைச் சோதித்தார்கள். அதே எண்ணிக்கையில் ஆட்களைத் தனித்தனியாக யோசிக்கவிட்டு, கடைசியில் யோசனைகளை ஒன்றுசேர்த்தபோது, கூடிப் பேசிய குழுக்களைவிட அதிகம் கிடைத்தது. ஏன் என்று 1987இல் டீல், ஸ்ட்ரோபே என்ற இரண்டு உளவியலாளர்கள் ஆராய்ந்தார்கள். கூச்சமும் சோம்பலும் இருக்கலாம். ஆனால் அவர்கள் கண்ட பெரிய காரணம் சாதாரணமானது: ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும், காத்திருக்கும் நேரத்தில் யோசனை நழுவிவிடுகிறது. 2010இல் 'சயன்ஸ்' இதழில் அனிதா வுல்லியும் சகாக்களும் 699 பேரைச் சிறு குழுக்களாகப் பிரித்துச் செய்த ஆய்வு வெளிவந்தது. குழுவின் மொத்தத் திறன், அதிலிருக்கும் மிகப் புத்திசாலியின் மதிப்பெண்ணோடு பெரிதாக ஒட்டவில்லை. பேச்சு எல்லோருக்கும் ஓரளவு சமமாகப் பகிரப்பட்ட குழுக்களும், ஒருவர் முகத்தை மற்றவர் படிக்கத் தெரிந்த குழுக்களும் முன்னே நின்றன. ஒன்றிரண்டு பேர் மட்டுமே பேசித் தீர்த்த குழுக்கள் பின்தங்கின. நம் ரிவியூ எந்த வகை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே முதல் கோரிக்கை. வரைபடங்களைச் சுவரில் மாட்டியதும் பத்து நிமிடம் யாரும் பேச வேண்டாம். ஆளுக்கொரு பென்சிலை எடுத்து வரைபடத்தின் மேலேயே குறிக்கட்டும். அப்புறம் பேசுவது ஜூனியரிலிருந்து தொடங்கட்டும், நீங்கள் கடைசியாகப் பேசுங்கள். நீங்கள் முதலில் வாயைத் திறந்தால் மற்றவர்கள் உங்கள் கருத்துக்குத்தான் பின்பாட்டுப் பாடுவார்கள்.

பேசிக்கொண்டே யோசிப்பவர்களின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களும் இந்த ஏற்பாட்டில் அடிபடுகிறார்கள். நீங்களே அப்படிப்பட்டவராக இருந்தால் இதைக் கேளுங்கள். சாயந்திரம் போகிற போக்கில் கணினியில் வரைந்துகொண்டிருக்கும் ஒருவர் பின்னால் நின்று, "இந்தக் கோரை அந்தப் பக்கம் தள்ளினா எப்படி இருக்கும்?" என்று சொல்கிறீர்கள்; கோர் என்றால் லிஃப்ட், படிக்கட்டு, கழிவறை எல்லாம் சேர்ந்த பகுதி. உங்களுக்கு அது வாய்விட்டு ஓடிய ஒரு நினைப்பு. வாசலைத் தாண்டும் முன் மறந்தும் போயிருப்பீர்கள். கேட்ட பையன் எதையும் முறையாக, கடைசி வரை செய்து முடிக்கும் சுபாவம் உள்ளவன். அவனுக்கு அது உத்தரவு. ராத்திரி முழுக்க உட்கார்ந்து லிஃப்டையும் படிக்கட்டையும் கழிவறைக் குழாய்கள் போகும் ஷாஃப்டையும் எல்லாத் தளத்திலும் தள்ளிவைக்கிறான். காலையில் வந்து, "இதை யார் மாத்தச் சொன்னா?" என்று கேட்கிறீர்கள். இதில் யார் தப்பு? இருவரும் அவரவர் சுபாவப்படி நடந்தார்கள். நினைப்பையும் முடிவையும் பிரித்துக் காட்ட ஓர் ஏற்பாடு இல்லாததுதான் கோளாறு. எழுத்தில் வராத எதுவும் முடிவு இல்லை, வரைபடம் மாறாது என்று ஒரு விதி வையுங்கள். அந்தப் பையனின் தூக்கம் மிஞ்சும். உங்களுக்கும் வாய்விட்டு யோசிக்கும் சுதந்திரம் கிடைக்கும்.

இப்போது சோதனைகளுக்கு வருகிறேன். ஆள் எடுக்கும்போதும் குழு பிரிக்கும்போதும் சில அலுவலகங்கள் மையர்ஸ்-பிரிக்ஸ் மாதிரியான ஆளுமைச் சோதனைகளை வைப்பதாகக் கேள்விப்படுகிறேன். ஆளின் சுபாவத்தைக் குறிக்கும் நாலெழுத்து வருகிறது, அந்த எழுத்து அப்புறம் அவர் பெயரோடு ஒட்டிக்கொள்கிறது. சில வாரம் கழித்து அதே சோதனையை எழுதினால் பலருக்கு எழுத்து மாறிவிடும். அதை விற்கும் நிறுவனமே ஆள் தேர்வுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்கிறது. இன்றைக்கு உளவியலில் அதிகம் நம்பப்படுவது ஐந்து பண்புகளை அளக்கும் முறை: புதுமையை நாடுவது, முறையாகச் செய்து முடிப்பது, கூட்டத்தில் கலகலப்பாக இருப்பது, இணங்கிப் போவது, பதற்றப்படுவது. ஒவ்வொன்றிலும் மனிதர்கள் கூடுதல் குறைவாக இருப்பார்கள். பெட்டிக்குள் அடைக்க முடியாது.

நம் தொழிலுக்கும் இந்தச் சோதனைகளுக்கும் பழைய உறவு உண்டு. 1958, 59இல் பெர்க்லியில் டொனால்ட் மக்கின்னன் தலைமையில் இயங்கிய ஆளுமை ஆய்வு நிறுவனம், அமெரிக்காவின் பெயர்பெற்ற 40 கட்டடக் கலைஞர்களைக் குழு குழுவாக அழைத்து, வார இறுதி முழுக்கச் சோதித்தது. ஏரோ சாரினென், லூயி கான், ஃபிலிப் ஜான்சன், ரிச்சர்ட் நியூட்ரா, ஐ. எம். பெய் எல்லோரும் போனார்கள். மனிதனுக்கு மூன்றாவது கை முளைத்தால் அதை எங்கே பொருத்தலாம் என்று கூடிப் பேசச் சொல்லியும் பார்த்தார்கள். (நம் ஆட்களிடம் கேட்டால் கை எங்கே என்பதைவிட அது வரைபடத்தில் எப்படித் தெரியும் என்பதில்தான் சண்டை வரும்.) அந்த நாற்பது பேரும் பெரும்பாலும் உள்முகமானவர்கள், தன்னிச்சையானவர்கள், கூடிக் குலவுவதில் நாட்டம் குறைந்தவர்கள் என்று முடிவு வந்தது.

இந்த ஆய்வை எடுத்துச் சொல்பவர்கள் அதோடு நிறுத்திவிடுகிறார்கள்: பார், மேதைகள் அப்படித்தான் இருப்பார்கள் என்று. ஆனால் மக்கின்னன் இன்னும் இரண்டு குழுக்களையும் சோதித்தார். அந்த மேதைகளோடு குறைந்தது இரண்டு வருடம் வேலை செய்த 43 பேர் ஒரு குழு. அவர்களோடு சம்பந்தமே இல்லாத 41 பேர் இன்னொரு குழு. 1965இல் எழுதிய கட்டுரையில் அவர் ஒட்டோ ராங்க் என்ற உளவியலாளரின் வகைப்பாட்டை வைத்து மூன்று குழுக்களையும் ஒப்பிட்டார். முதல் குழுவுக்குக் கலைஞனின் இடம், மூன்றாவதற்கு ஊரோடு ஒத்துப்போன சராசரி மனிதனின் இடம். நடுக்குழுவுக்கு, அதாவது மேதைகளின் அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு, தனக்குள்ளேயே மோதிக்கொள்கிறவரின் இடம். அவர்கள் அங்கே போவதற்கு முன்பே அப்படி இருந்தார்களா, போன பிறகு அப்படி ஆனார்களா என்று அந்த ஆய்விலிருந்து சொல்ல முடியாது. என்றாலும் ஒரு ஜூனியராக இதைப் படித்தால் வயிற்றில் ஏதோ பிசையும்.

இன்னொன்றும் கவனியுங்கள். அழைக்கப்பட்ட நாற்பது பேரும் ஆண்கள். அளக்கப்பட்டது தனி ஆளின் மனம். ஆனால் கட்டடங்களைக் கட்டியது அலுவலகங்கள்.

சுபாவ வேறுபாடு எவ்வளவு பெரிய சொத்து என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் சிகாகோவின் ஆட்லர், சல்லிவன் கூட்டு. டாங்க்மார் ஆட்லர் பொறியாளர். ஒலியியலில் கெட்டிக்காரர், கணக்கையும் வாடிக்கையாளரையும் கையாளத் தெரிந்தவர். லூயி சல்லிவன் அழகும் வேகமும் பிடிவாதமும் சேர்ந்தவர். 1889இல் திறந்த ஆடிட்டோரியம் கட்டடத்தில் இருவர் கையும் தெரியும். 1893 பண நெருக்கடியில் வேலை வற்றியது. 1895இல் ஆட்லர் ஒரு லிஃப்ட் நிறுவன வேலைக்குப் போனார். சீக்கிரமே திரும்பி வந்து மறுபடி சேரலாம் என்றபோது சல்லிவன் மறுத்துவிட்டார். அதற்குப் பிறகும் சல்லிவன் நல்ல கட்டடங்கள் செய்தார், ஆனால் வேலைகள் குறைந்துகொண்டே வந்தன. 1924இல் இறக்கும்போது கையில் காசில்லை. வாடிக்கையாளரிடம் பொறுமையாகப் பேசும் ஆள் அலுவலகத்தில் இல்லையென்றால் என்ன ஆகும் என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதை ஞாபகம் வரும். உங்கள் அலுவலகத்திலும் ஓர் ஆட்லர் இருப்பார். அவரைப் பெரும்பாலும் 'டிசைனர்' என்று யாரும் அழைக்க மாட்டார்கள்.

இதன் மறுபக்கம் சிட்னி ஓபரா ஹவுஸ். 1957 போட்டியில் வென்ற யோர்ன் உட்சன், சரியான விடை கிடைக்கும் வரை எதையும் மூட விரும்பாதவர். கட்டமைப்புப் பொறியாளர்களான ஓவ் அரூப்பின் ஆட்களுக்குக் கணக்குப் போட உறுதியான வடிவம் வேண்டும். கூரையின் வளைந்த பாகங்களை எல்லாம் ஒரே கோளத்திலிருந்து வெட்டி எடுக்கலாம் என்ற தீர்வு வரும்வரை இரு தரப்பும் வருடக்கணக்கில் சேர்ந்து உழைத்தன. அதற்குப் பிறகு உறவு கசந்தது. 1966 பிப்ரவரியில் உட்சன் விலகினார். 1973இல் திறந்த கட்டடத்தை அவர் ஒருபோதும் நேரில் பார்க்கவில்லை. இதை வெறும் குணப் பிரச்சினை என்று சொன்னால் அநியாயம். வேலையை அவசரமாகத் தொடங்கினார்கள். செலவு ஏறிக்கொண்டே போனது. 1965இல் அரசு மாறியது. புதிய அமைச்சர் அவருக்கான கட்டணத்தை நிறுத்தி வைத்தார். ஆனால் முடிவைத் திறந்தே வைத்திருக்கும் மனமும் முடிவை மூடத் துடிக்கும் மனமும் ஒரே திட்டத்தில் இருக்கும்போது, எதை எப்போது மூடுவது என்று முன்கூட்டியே பேசி வைக்காவிட்டால், நெருக்கடி வரும்போது அந்த இரண்டு மனங்களும் எதிரெதிர் கட்சிகளாகிவிடும். ஓபரா ஹவுஸ் அளவுக்குப் போக வேண்டாம். ஒரு சின்ன வீட்டுத் திட்டத்திலும் இது நடக்கிறது.

இனி வடிவமைப்பு மாறாது என்று அறிவிக்கும் 'டிசைன் ஃப்ரீஸ்' என்று ஒன்று நம்மிடம் இருக்கிறது. பெயரளவில்தான் உறைகிறது. அதற்குப் பிறகும் தூண் வரிசை முன்னூறு மில்லிமீட்டர் நகரும். நகர்த்துபவருக்கு அது ஒரு கோடு. கட்டுமானத்துக்கான வொர்க்கிங் டிராயிங் செய்பவருக்கு அஸ்திவாரம், பீம் அமைப்பு, ஷாஃப்ட், கதவுப் பட்டியல், பரப்பளவுக் கணக்கு, ஏற்கெனவே அனுப்பிய டெண்டர் அளவுகள் எல்லாம் நகர்கின்றன. இதைச் சொன்னால் 'நெகட்டிவான ஆள்' என்ற பெயர். சொல்லாமல் சரிசெய்தால் யாருக்கும் தெரியாது. இரண்டாவது கோரிக்கை இதுதான்: ஃப்ரீஸுக்குப் பிறகு வரும் ஒவ்வொரு மாற்றத்துக்கும், அதைச் செய்யப் போகிறவரே எத்தனை தாள் மாறும், எத்தனை நாள் ஆகும் என்று முதலில் எழுதித் தரட்டும். அதைப் பார்த்த பிறகும் மாற்றம் வேண்டும் என்றால் தாராளமாகச் செய்வோம். நல்ல மாற்றங்கள் கடைசி நேரத்தில் வருவதும் உண்டு, எனக்குத் தெரியும்.

கூடவே, டீடெயில் (நுணுக்க வரைபடம்) செய்பவரைக் கான்செப்ட் (முதல் யோசனை) கட்டத்திலேயே உட்கார வையுங்கள். கான்செப்ட் செய்தவரைத் தளத்துக்கு அனுப்புங்கள். கனவு காண்பவர், கணக்குப் பார்ப்பவர் என்று நாம் பிரித்து வைப்பதில் பாதி, யார் எந்தக் கட்டத்தில் உள்ளே விடப்பட்டார் என்பதால் உண்டான பழக்கம். கைப்பிடிக் கம்பி படிக்கட்டின் திருப்பத்தில் உடையாமல் எப்படித் திரும்ப வேண்டும் என்று தச்சரோடு நின்று பார்த்தவருக்கு அடுத்த படிக்கட்டை வரையும்போது கை வேறு மாதிரி நகரும்.

இனி கொஞ்சம் கசப்பான விஷயம். எல்லாவற்றையும் சுபாவம் என்று மூடி மறைக்கவும் முடியாது. ஜூனியரின் தாளைக் கிழிப்பதும், எல்லோர் முன்னாலும் கேலி செய்வதும், நள்ளிரவில் அழைத்துத் திட்டுவதும் சுபாவம் இல்லை, நடத்தை. "அவர் அப்படித்தான், ஆனா ஜீனியஸ்" என்ற சமாதானம் நம் தொழிலில் தாராளமாகப் புழங்குகிறது. மாணவர் வேலையை ஆசிரியர்கள் விமர்சிக்கும் கல்லூரி ஜூரியிலேயே இதைக் கற்றுக்கொள்கிறோம். மாணவர் செய்த மாதிரியை உடைத்த ஆசிரியரைப் பற்றிப் பெருமையாகக் கதை சொல்லித் திரிகிறோம். பதற்றப்படும் சுபாவம் உள்ள மாணவர் அப்போதே தொழிலை விட்டுப் போய்விடுகிறார். அவர் என்ன கட்டியிருப்பார் என்று நமக்குத் தெரியப் போவதே இல்லை. உள்முகமானவருக்கு எழுத்தில் சொல்ல இடம் கொடுக்கலாம், அவசரக்காரருக்குக் கெடு வைக்கலாம். சக ஊழியரை அவமதிப்பவருக்கு இடம் ஒதுக்கும்படி எந்த ஆளுமைக் கோட்பாடும் சொல்லவில்லை.

சிலர் கேட்பார்கள்: எல்லோர் பேச்சையும் கேட்டுக்கொண்டிருந்தால் கட்டடம் கமிட்டி போட்ட மாதிரி ஆகாதா? நியாயமான பயம். 1945இல் கட்டடக் கலைஞர் வால்டர் குரோபியஸும் ஏழு இளைஞர்களும் சேர்ந்து தொடங்கிய 'தி ஆர்க்கிடெக்ட்ஸ் கொலாபரேட்டிவ்' வாரந்தோறும் கூடி ஒருவர் வேலையை மற்றவர்கள் விமர்சிக்கும் வழக்கத்தை வைத்திருந்தது. ஆனால் ஒவ்வொரு திட்டத்துக்கும் பொறுப்பானவர் ஒருவர் இருந்தார். விமர்சனம் எல்லோருடையது, முடிவு அவருடையது. அந்த அலுவலகம் 1995 வரை நடந்தது. நானும் வாக்கெடுப்பு கேட்கவில்லை. முடிவெடுப்பவர் யார் என்பது தெளிவாக இருந்தால்தான் எதிர்த்துப் பேசுவதும் சுலபமாகிறது.

கடைசியாகப் பெயர் விஷயம். அமைதியானவர்களின் வேலை முதலில் காணாமல் போவது இங்கேதான். சண்டிகர் என்றதும் எல்லோருக்கும் கட்டடக் கலைஞர் லெ கார்புசியர் ஞாபகம் வருகிறது. அவர் அவ்வப்போது வந்து போனார். அவருடைய உறவினர் பியர் ஜான்னரே 1951இலிருந்து 1965 வரை அங்கேயே இருந்து வீடுகளும் பள்ளிகளும் நாற்காலிகளும் செய்தார். கட்டடக்கலையின் மிகப் பெரிய விருதான பிரிட்ஸ்கர் பரிசு 1991இல் ராபர்ட் வென்சூரிக்கு மட்டும் கொடுக்கப்பட்டது. கூடவே வேலை செய்த டெனிஸ் ஸ்காட் பிரவுனைச் சேர்க்கும்படி 2013இல் ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டுக் கேட்டும் மறுத்துவிட்டார்கள். இத்தனைக்கும் ஸ்காட் பிரவுன் அமைதியானவர் என்று அவருடைய எதிரிகூடச் சொல்ல மாட்டார். ஆக, உரக்கப் பேசினால் பெயர் கிடைத்துவிடும் என்ற ஆறுதலும் இல்லை.

பிரிட்ஸ்கர் நம் கையில் இல்லை. உங்கள் அலுவலகத்தின் இணையதளமும், இதழ்களுக்கு அனுப்பும் திட்டக் குறிப்பும் உங்கள் கையில் இருக்கின்றன. அதில் குழுவினரின் பெயர்களைப் போடுங்கள். செக்‌ஷன் வரைந்தவர், டீடெயில் செய்தவர், தளத்தில் நின்றவர், நடுவில் வேலையை விட்டுப் போனவர் உட்பட. பட்டியலை அனுப்பும் முன் ஒருமுறை குழுவிடமே காட்டி, யாராவது விடுபட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். அதையும் வாய்மொழியாகக் கேட்காமல் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு திட்டக் கட்டடக் கலைஞன்